கோச்சை மாற்றினால் கோல் விழுந்துவிடுமா?

 இது நீளமான பதிவு. என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கியவர்கள் இப்போதும் தூங்கிக்கொள்ளலாம். மற்றவர்கள் முழுதும் படியுங்கள். திட்டுவதாக இருந்தாலும் படித்து முடித்துவிட்டுத் திட்டுங்கள்.

2025 நவம்பர் 18 ராத்திரி டாக்காவில் நம் இந்தியக் கால்பந்து அணி பங்களாதேஷிடம் 1-0 என்று தோற்றது. ஆட்டம் முடிந்து நான் கண்ணாடியைக் கழற்றவில்லை, அதற்குள் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மஸ்கட்டில் இருக்கும் அக்கா மகன் ஒரு படம் போட்டுவிட்டான். கோச் காலித் ஜமீலின் முகம், அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு, கீழே ‘வெளியேறு’ என்று ஒரு வார்த்தை. பத்து நிமிஷத்தில் சித்தப்பா, மாமா, மச்சான் என்று எல்லோரும் கைதட்டல் போட்டுவிட்டார்கள். அடுத்த நாள் காலையில் அதே படம் என் பழைய மாணவர்கள் குழுவிலும் வந்தது. “டீச்சர், நீங்க என்ன சொல்றீங்க?” என்று ஒருவன் கேட்டிருந்தான். அன்றைக்கு நான் பதில் போடவில்லை. கோபத்தில் எழுதினால் எழுத்துப்பிழை வரும், அதனால்தான். இப்போது சொல்கிறேன்.

அந்த மனிதர் பொறுப்புக்கு வந்து அப்போது நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. ஆகஸ்டில் வந்தார். ஒன்றாம் வகுப்பில் ஜூன் மாதம் சேர்த்த பிள்ளை செப்டம்பரில் தமிழ் வாசிக்கவில்லை என்று டீச்சரை மாற்றச் சொல்லி எந்தத் தாயாவது வந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அவரை மாற்றக்கூடாது என்பதுதான் என் கட்சி. இன்னும் சொல்லப்போனால், கோச்சை மாற்றும் இந்த வியாதிதான் நம் கால்பந்தைக் கெடுத்த வியாதிகளில் ஒன்று. இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அதையும் கடைசியில் சொல்லத்தான் போகிறேன்.

இதையெல்லாம் பேச எனக்கு என்ன தகுதி என்று சில புது மருமக்கள் கேட்கலாம். நான் பந்தை உதைத்தவள் இல்லை. எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகள் கடற்கரை மைதானத்தில் இறங்க முடியாது. ஆனால் தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை பக்கம் பிறந்தவர்களுக்குக் கால்பந்தைத் தனியாக யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கோவில் திருவிழா என்றால் கொடியேற்றமும் உண்டு, டோர்னமென்ட்டும் உண்டு. எங்கள் அப்பா கடலுக்குப் போகாத நாட்களில் விசில் ஊதுவார். ரெஃப்ரி என்று சட்டப்படி யாரும் அவருக்குச் சான்றிதழ் தரவில்லை. அவர் சத்தம் பெரிசு, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டு ரேடியோவில் மெட்ராஸைவிடத் திருவனந்தபுரம்தான் தெளிவாகக் கேட்கும். அதனால் எங்கள் கரையில் கால்பந்து என்றால் அது மலையாள வர்ணனைதான். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் கேரளா முதல்முறையாகச் சந்தோஷ் டிராபி ஜெயித்தது. ரயில்வேயை 3-2 என்று முடித்தார்கள், கேப்டன் மணி மூன்று கோல். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நாங்கள் தமிழ்நாட்டுக்காரர்கள், ஜெயித்தது கேரளா, ஆனாலும் அன்றைக்கு எங்கள் தெருவில் வெடி போட்டார்கள். அப்பா சொன்னார்: பந்துக்கு எல்லைக்கல் கிடையாது. அந்த ராத்திரியிலிருந்து எனக்கு இந்தக் கிறுக்கு.

அப்பா அடிக்கடி சொல்லும் கதை ஜகார்த்தா. 1962 ஆசிய விளையாட்டு. நான் அப்போது கைக்குழந்தை. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 2-0 என்று தோற்றோம். பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் தோற்கடித்து, அரையிறுதியில் தெற்கு வியட்நாமை வென்று, இறுதி ஆட்டத்தில் மறுபடியும் அதே கொரியா. மைதானம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஜர்னைல் சிங்கைப் பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கு மாற்றி இறக்கினார் கோச். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. 2-1. தங்கம்.

அந்தக் கோச் சையது அப்துல் ரஹீம். ஹைதராபாத்காரர். அவர் யார் தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார்! எனக்கு இதில் இருக்கும் பெருமையை மறைக்க மாட்டேன். 2024-இல் ‘மைதான்’ என்று இந்திப் படம் வந்ததே, அஜய் தேவ்கன் நடித்தது, அது அவருடைய கதைதான். ஜகார்த்தா போகும்போதே அவருக்குப் புற்றுநோய். மறுவருஷம் ஜூனில் இறந்துபோனார்.

ஆனால் நான் சொல்ல வந்தது ஜகார்த்தா இல்லை, ஹெல்சிங்கி. படத்தைப் பார்த்து அழுத நீங்கள் இதையும் யோசிக்க வேண்டும். 1952 ஒலிம்பிக்கில் இதே ரஹீம் கூட்டிப்போன அணி யுகோஸ்லாவியாவிடம் எத்தனை கோலில் தோற்றது? 10-1. பத்துக்கு ஒன்று! இன்றைக்கு அது நடந்திருந்தால் நம்முடைய குடும்பக் குழுவில் என்னென்ன படங்கள் வந்திருக்கும்? விமானத்திலிருந்து இறங்குவதற்குள் அவர் வேலை போயிருக்கும். அந்தத் தோல்விக்குப் பிறகு சம்மேளனம் செய்த ஒரு காரியம், வீரர்கள் பூட்ஸ் போட்டுத்தான் ஆடவேண்டும் என்று கட்டாயமாக்கியது. நம்மவர்களில் பலர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். நான்கு வருஷம் கழித்து மெல்பர்ன் ஒலிம்பிக்குக்குப் போன அணிக்கும் பயிற்சியாளர் அதே ரஹீம்தான். அங்கே ஆஸ்திரேலியாவை 4-2 என்று அவர்கள் ஊரிலேயே அடித்து, நெவில் டிசூசா மூன்று கோல் போட்டு, ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போன முதல் ஆசிய நாடு என்ற பெயரை எடுத்தோம். பத்து கோல் வாங்கிய வாத்தியாரை வைத்துக்கொண்டு காலுக்குப் பூட்ஸ் போட்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? காலை அப்படியே விட்டுவிட்டு வாத்தியாரை மாற்றுகிறோம்.

“அது அந்தக் காலம் சித்தி” என்பான் அக்கா மகன். சரி, நான் கண்ணால் பார்த்த காலத்துக்கே வருவோம்.

1982 டெல்லி ஆசிய விளையாட்டின்போது எனக்கு இருபத்தொரு வயது. ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன். பி.கே. பானர்ஜி கோச். காலிறுதியில் சவூதியிடம் கடைசி நேரத்தில் ஒரு கோல் வாங்கி வெளியே வந்தோம். அப்பா ரேடியோவை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். பிறகு யுகோஸ்லாவியாவிலிருந்து மிலோவான் என்று ஒருவர் வந்தார். 1984-இல் ஆசியக் கோப்பைக்கு அணியைக் கூட்டிப்போனார். சிங்கப்பூரில் ஈரானோடு 0-0 என்று முடித்த அந்த ஆட்டத்தைப் பற்றி எங்கள் ஊர் டீக்கடையில் ஒரு மாதம் பேசினார்கள். அவரும் போனார். அதற்குப் பிறகு இந்தியா மறுபடி ஆசியக் கோப்பையில் கால்வைக்க எத்தனை வருஷம் ஆனது? கணக்குப் போடுங்கள். 2011. இருபத்தேழு வருஷம். என் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், ஐந்து ஊர் மாறுதல், அப்பாவின் சாவு எல்லாம் அந்த இருபத்தேழு வருஷத்துக்குள் நடந்து முடிந்தது.

2011-க்குக் கூட்டிப்போனவர் பாப் ஹௌட்டன், இங்கிலாந்துக்காரர். 2006-இல் வந்து கிட்டத்தட்ட ஐந்து வருஷம் இருந்தார். நேரு கோப்பை இரண்டு முறை, 2008-இல் ஏ.எஃப்.சி. சேலஞ்ச் கோப்பை. அந்த இறுதி ஆட்டத்தில் தஜிகிஸ்தானை 4-1 என்று அடித்தோம், சேத்ரி மூன்று கோல் போட்டான். (சேத்ரியை ‘போட்டார்’ என்று எழுதவேண்டும் என்று தெரியும். எனக்கு வரவில்லை.) ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோற்றோம். ஏப்ரலில் ஹௌட்டன் போய்விட்டார். அதன்பிறகு எண்ணுங்கள்: தற்காலிகமாக அர்மாண்டோ கொலாசோ, சாவியோ மெதெய்ரா, டச்சுக்காரர் கூவர்மன்ஸ், மறுபடியும் கான்ஸ்டன்டைன், ஸ்டிமாச், மனோலோ மார்க்கஸ், அதன்பின் காலித் ஜமீல். பதினான்கு வருஷத்தில் ஏழு பேர்.

அதே பதினான்கு வருஷத்தில் சம்மேளனத்தின் வழக்கம் மாறியதா? நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்று சொல்லி 2022-இல் ஃபிஃபா நம்மைப் பதினொரு நாள் தடைசெய்தது. நாட்டுக்கே அவமானம். அதற்காக எந்தக் கோச்சாவது காரணமா?

இந்த ஏழு பேரில் கொஞ்சமாவது நிற்கவிடப்பட்டவர்கள் ஸ்டீபன் கான்ஸ்டன்டைனும் இகோர் ஸ்டிமாச்சும். கான்ஸ்டன்டைன் 2015-இல் இரண்டாம் முறை வந்தபோது நாம் உலகத் தரவரிசையில் 173-இல் இருந்தோம். இரண்டு வருஷத்தில் 96. 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 என்று அடித்ததற்கு நான் பள்ளியில் மிட்டாய் கொடுத்தது சிலருக்கு ஞாபகம் இருக்கும். பஹ்ரைனோடு டிரா செய்தால் அடுத்த சுற்று. ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு பெனால்டி. முடிந்தது. அன்றைக்கே அவர் ராஜினாமா. ஒரு நிமிஷம் நாம் அசந்ததற்கு நான்கு வருஷத்து வேலை காற்றோடு போனது. அடுத்து வந்தவர் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கினார்.

ஸ்டிமாச் விஷயத்தில்தான் என் குற்றம் இருக்கிறது. அவர் காலத்தில்தான் எங்கள் கரையின் பிள்ளை மைக்கேல் சூசைராஜ் இந்திய ஜெர்சி போட்டான். 2023-இல் தெற்காசியக் கோப்பையும் ஜெயித்தார்கள். தரவரிசையில் 99 வரை வந்தோம். ஆனால் 2024 பிறந்ததும் எல்லாம் தலைகீழ். ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் குவாஹாட்டியில் ஆப்கானிஸ்தானிடம் 2-1. ஜூனில் கொல்கத்தாவில் சேத்ரியின் விடைபெறும் ஆட்டம், குவைத்தோடு 0-0. அடுத்து தோஹாவில் கத்தாரிடம் 2-1, அதிலும் வெளியே போன பந்தை உள்ளே இழுத்துப்போட்ட கோல். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியே.

அன்று ராத்திரி இதே பக்கத்தில் நான் என்ன எழுதினேன் என்று போய்ப் பாருங்கள். அழிக்கவில்லை, அப்படியே இருக்கிறது. ‘இந்த மனிதரை நாளைக்கே அனுப்புங்கள்’ என்று எழுதினேன். நூற்றுக்கும் மேல் லைக். ஒரு வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஏதோ நான் சொல்லித்தான் நடந்தது போல ஒரு திருப்தி! 2026 வரை ஒப்பந்தம் நீட்டியிருந்தவரை இடையில் நிறுத்தியதால் கடைசியில் நான்கு லட்சம் டாலர் நஷ்டஈடு. நம் காசில் மூன்று கோடிக்கு மேல். எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கு எத்தனை பந்து வாங்கலாம் என்று ஒரு பழைய கணக்கு டீச்சரிடம் கேட்காதீர்கள், அழுகை வரும்.

சரி, அனுப்பினோம், அடுத்து யார்? ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கஸ். நல்ல கோச், கோவா கிளப்பில் நன்றாகச் செய்துகொண்டிருந்தவர். அவரை எப்படி வைத்தார்கள்? கோவா கிளப்பையும் பார்த்துக்கொள், இந்தியாவையும் பார்த்துக்கொள் என்று. ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது புரியும். ‘கூடுதல் பொறுப்பு’! திங்கள் செவ்வாய் இந்தப் பள்ளி, புதன் வியாழன் அந்தப் பள்ளி, வெள்ளிக்கிழமை கல்வி அலுவலகத்தில் மீட்டிங். நூற்றி நாற்பது கோடிப் பேர் இருக்கிற நாட்டின் அணிக்குக் கூடுதல் பொறுப்பு. எட்டு ஆட்டம் ஆடினார்கள். ஜெயித்தது ஒன்றே ஒன்று, மாலத்தீவை. அதற்கும் ஓய்வு பெற்ற சேத்ரியை நாற்பது வயதில் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. ஷில்லாங்கில் பங்களாதேஷோடு 0-0. ஹாங்காங்கில் கடைசி நிமிஷப் பெனால்டியில் தோல்வி. ஜூலையில் அவரும் போனார்.

நான் வேலை பார்த்த பள்ளி ஒன்றில் ஆறு வருஷத்தில் ஐந்து தலைமை ஆசிரியர்கள் வந்தார்கள். எந்தப் பள்ளி என்று சொல்லமாட்டேன், அங்கே படித்தவர்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். முதலாமவர் வந்ததும் பிரேயரை வாசல் பக்கம் மாற்றினார். இரண்டாமவர் அதைத் திரும்பப் பின்பக்கம் மாற்றினார். மூன்றாமவர் டைம்டேபிளை மாற்றினார். நான்காமவர் பீரோவின் சாவி யாரிடம் இருக்கவேண்டும் என்பதை மாற்றினார். ஐந்தாமவர் வந்த மூன்றாம் மாதம் நீண்ட விடுப்பில் போய்விட்டார். ஒவ்வொருவரும் வந்த முதல் மீட்டிங்கில் “இனிமேல் இந்தப் பள்ளி மாறும்” என்றார்கள். நான்காம் வகுப்பின் கூரை ஒழுகிக்கொண்டேதான் இருந்தது. மழை பெய்தால் நாற்பது பிள்ளைகளும் ஒரு பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். அந்தக் கூரையை மாற்றவேண்டும் என்று நாங்கள் எழுதிய மனு ஒவ்வொரு தலைமை ஆசிரியருக்கும் புதிதாக எழுத வேண்டியிருந்தது. பழைய மனு முந்தினவர் பெயரில் இருந்ததாம்! இந்தியக் கால்பந்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனு ஞாபகம் வரும்.

மனோலோ போனபிறகு ஜூலையில் நடந்த கூத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கோச் வேலைக்கு 170 விண்ணப்பம் வந்ததாம். அதில் பார்சிலோனா ஸாவி பெயரிலும் ஒன்று! என் பேரன் குதித்தான். “பாட்டி, ஸாவி வர்றார்!” நாடே இரண்டு நாள் குதித்தது. பிறகு அது உண்மையான விண்ணப்பம் இல்லை, யாரோ விளையாடியிருக்கிறார்கள் என்று சம்மேளனமே சொன்னது. நான் சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஸாவியே வந்திருந்தாலும்தான் என்ன? அவர் யாருக்குப் பந்தைக் கொடுக்கச் சொல்லித்தருவார்? கோல் போட நம்மிடம் யார் இருக்கிறார்கள்?

இதுதான் மூலம் மக்களே. கிளப் அணிகளில் முன்வரிசையில் கோல் போடும் இடத்தில் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள்தான் ஆடுகிறார்கள். கிளப்பைக் குற்றம் சொல்லவும் முடியாது, அவர்களுக்கு அந்த வருஷமே ஜெயிக்க வேண்டும். நம் பையன் பக்கவாட்டில் ஓடுவான், பின்னால் நிற்பான், இல்லையென்றால் பெஞ்சில் இருப்பான். வருஷம் முழுக்க அந்த இடத்தில் ஆடாதவன் இந்திய ஜெர்சியைப் போட்டவுடன் எப்படிக் கோல் போடுவான்? அதனால்தான் அக்டோபரில் மார்கோவாவில் சிங்கப்பூரோடு ஆடும்போதும் 41 வயது சேத்ரியை நம்ப வேண்டியிருந்தது. சாங்தே அடித்த கோலில் முன்னால் இருந்தோம், பிறகு இரண்டு வாங்கி 2-1 என்று தோற்றோம். 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அங்கேயே அடைந்துவிட்டது. டாக்கா ஆட்டம் மானத்துக்காக ஆடியது, அதுவும் கிடைக்கவில்லை. அந்த நவம்பரில் தரவரிசையில் 142.

ஜமீல் என்ன நிலைமையில் வந்தார் என்று பாருங்கள். ஜூலையில் ஐ.எஸ்.எல். லீக்கையே நிறுத்திவைத்துவிட்டார்கள், ஒப்பந்தப் பிரச்சினை. சில கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தை நிறுத்தின. லீக்கை நடத்த டெண்டர் போட்டார்கள், நவம்பரில் பார்த்தால் ஒருவர்கூடக் கேட்கவில்லை. 2047-க்கு இந்தியக் கால்பந்து எங்கே இருக்கும் என்று திட்டம் போட்டுப் புத்தகம் வெளியிட்டவர்களுக்கு, அடுத்த தை மாதம் லீக் நடக்குமா என்று அப்போது சொல்லத் தெரியவில்லை. பயிற்சி முகாமுக்கு வருகிற பையன் கடைசியாக எப்போது ஒரு முழு ஆட்டம் ஆடினான் என்றே தெரியாது. அந்த நிலைமையில் ஆகஸ்ட் கடைசியில் அணியைக் கூட்டிக்கொண்டு தஜிகிஸ்தான் போனார் ஜமீல். அவர்கள் மண்ணிலேயே அவர்களை 2-1 என்று ஜெயித்தார். கடைசியில் ஓமனை பெனால்டியில் வென்று மூன்றாம் இடம். அன்றைக்கு இதே குடும்பக் குழுவில் “நம்ம இந்தியக் கோச் கெத்து” என்று எழுதியது யார்? மஸ்கட்டில் இருந்து, ஓமன்காரர்கள் மத்தியில் இருந்து, கூத்தாடியது யார்? பெயர் சொல்லவில்லை. இரண்டரை மாதத்தில் சிவப்புக் கோடு.

ஒன்றுமில்லாத இடத்தில் வேலை செய்யத் தெரிந்தவர் அவர். 2017-இல் மிசோரத்தின் ஐஸ்வால் கிளப்பை ஐ-லீக் சாம்பியன் ஆக்கினார். அதற்கு முந்தின வருஷம் கீழ் டிவிஷனுக்கு இறங்கவேண்டிய இடத்தில் இருந்த கிளப் அது. பெரிய காசு இல்லை, பெரிய பெயர் இல்லை. அவர் ஆடவைக்கும் ஆட்டம் அழகாக இல்லை, பந்தைத் தூக்கித் தூக்கி அடிக்கிறார்கள் என்று என் பேரன் குறைசொல்கிறான். எனக்கும் அது பிடிக்கவில்லை. சிங்கப்பூர் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் அவர் ஆளை மாற்றிய நேரம் தப்பு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். அதற்காக வெளியேற்றுவதா? நான் முதல் வருஷம் பாடம் நடத்திய லட்சணத்துக்கு என்னை வெளியேற்றியிருந்தால் உங்களில் பாதிப்பேருக்கு நான் டீச்சரே இல்லை.

“அப்படியானால் யாரையுமே எப்போதுமே மாற்றக்கூடாதா டீச்சர்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மாற்றலாம். ஒரு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே எத்தனை வருஷம், என்ன வேலை, எதைவைத்து மதிப்பெண் என்று எழுதிவைத்துவிட்டு, அந்தக் காலம் முடிந்தபிறகு திறந்து பார்த்து மாற்றலாம். வீரர்களைக் கேவலமாக நடத்தினால் நாளைக்கே மாற்றலாம். ஆனால் ஒரு ராத்திரித் தோல்வியின் ஆத்திரத்தில், மேலே இருப்பவர்கள் தங்கள் நாற்காலியைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மாற்றுகிறார்களே, அது மாற்றம் இல்லை. பலி. நாம் ‘வெளியேறு’ என்று படம் போடும்போது அவர்களுக்குத்தான் கத்தியை எடுத்துக் கொடுக்கிறோம். கூட்டம் கோச்சைப் பார்த்துக் கத்துகிறவரை லீக்கை நடத்தத் தெரியாதவர்களைப் பார்த்து யாரும் கத்தப்போவதில்லை.

பேரனுக்கு உயிர் மான்செஸ்டர் யுனைடெட். அவனுக்காக அந்தக் கதையையும் படித்தேன். ஃபெர்குசன் 1986 நவம்பரில் வந்தவர். லீக் கோப்பையை முதலில் கையில் பிடித்தது 1993-இல். நடுவில் ஒரு வருஷம் பதின்மூன்றாம் இடம். 2013-இல் அவர் ஓய்வு பெற்றபிறகு அங்கேயும் ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். இன்னும் ஒரு லீக்கூட ஜெயிக்கவில்லை. அவர்களிடம் காசு மலைபோல இருக்கிறது, மாற்றி மாற்றிப் பார்க்கட்டும். நம்மிடம் என்ன இருக்கிறது?

இப்போது என் பங்கு. ஸ்டிமாச் பதிவைச் சொல்லவில்லை, அது சின்னது.

1990-களில் நான் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். வாரத்தில் இரண்டு விளையாட்டு பீரியட். அதில் ஒன்றை முழுப் பரீட்சைக்கு முன்னால் நான் பிடுங்கிக்கொள்வேன். பி.டி. சார் பாவம், எதிர்த்துப் பேசமாட்டார். எனக்கு அது பெருமையாக இருந்தது. என் வகுப்பில் கணக்கில் யாரும் ஃபெயில் இல்லை என்று தலைமை ஆசிரியர் பாராட்டுவார். கால்பந்துக் கிறுக்கி என்று பெயரெடுத்த நானேதான் இதைச் செய்தேன்.

அந்த வகுப்பில் ஒரு பையன். இடதுகால். அவன் பந்தை நிறுத்துவதைப் பார்த்தால் காலில் கோந்து தடவியிருக்கிறானோ என்று தோன்றும். வட்டார அளவிலான போட்டி ஒரு வியாழக்கிழமை. அவனுக்குக் கணக்கில் பதினெட்டு மார்க். “பின்னத்தை ஒழுங்காகப் போடாமல் நீ எங்கேயும் போகவேண்டாம்” என்று வகுப்பிலேயே உட்காரவைத்தேன். பி.டி. சார் இரண்டு தடவை ஜன்னல் பக்கம் வந்து நின்றார். நான் போர்டில் எழுதிக்கொண்டே இருந்தேன். அவனில்லாமல் அணி போனது, தோற்று வந்தது. மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் அன்றைக்கு அங்கே வந்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அடுத்த வருஷம் அவன் பள்ளியைவிட்டு அப்பாவோடு கடலுக்குப் போய்விட்டான். அவன் இந்தியாவுக்கு ஆடியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. யாருக்கும் தெரியாது. தெரியாமல் போகும்படி செய்தவள் நான்.

அவனுக்கு இப்போது நாற்பது தாண்டிவிட்டது. இந்தப் பக்கத்தைப் படிக்கிறான். போன கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு மீன் கொண்டுவந்தான். நான் அந்த வியாழக்கிழமையைப் பற்றிப் பேச வாயெடுத்தேன். “விடுங்க டீச்சர், பின்னம் இப்ப நல்லா தெரியும், பங்கு பிரிக்கிறதுக்கு உதவுது” என்று சிரித்தான்.

இதுபோல எத்தனை ஊர், எத்தனை வியாழக்கிழமை. நாம் எல்லோரும் சேர்ந்து பிடுங்கிய பீரியடுக்கு மும்பைக்காரர் ஒருவரை நான்கு மாதத்தில் பதில்சொல்லச் சொல்கிறோம். உங்களில் இப்போது பதினோரு பேர் ஆசிரியர்கள். எனக்குத் தெரிந்து மூன்று பேர் தலைமை ஆசிரியர்கள். ஜமீலின் படத்துக்குக் குறுக்கே கோடு போட்டவர்களில் நீங்களும் இருந்தீர்கள். உங்கள் பள்ளியில் இந்த வாரம் விளையாட்டு பீரியட் எத்தனை நடந்தது என்று கமென்ட்டில் எழுதுங்கள். உண்மையை எழுதுங்கள், நான் மார்க் போடப்போவதில்லை. பந்து இருக்கிறதா, அது பீரோவுக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா, அதையும் எழுதுங்கள்.

அக்கா மகனுக்கு: அந்தப் படத்தை நீக்கச் சொல்லமாட்டேன். உன் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் அன்றைக்குச் சாப்பிடவில்லை. ஆனால் அதே அளவு எழுத்தில், அதே சிவப்புக் கோட்டோடு, லீக் ஏன் நின்றது என்று சம்மேளனத்தைக் கேட்டு ஒரு படம் போடு. நான் முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

இந்தியாவின் அடுத்த ஆட்டம் எப்போது வந்தாலும்  நான் பார்ப்பேன். எங்கள் வீட்டு டி.வி. பெரிசு, வருகிறவர்கள் முந்தின நாளே சொல்லிவிடுங்கள், பழம்பொரி எத்தனை போடவேண்டும் என்று தெரியவேண்டும்.